எண்ணெய் குடித்த இரும்பு

மட்டாஞ்சேரி
27-8-2024

சிரஞ்சீவி வெங்கிட்டுவுக்கு உன் அக்கா சீதாலக்ஷ்மி அநேக ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. பகவதி புண்ணியத்தில் இங்கே நாலு பேரும் சௌக்கியம். உன் சர்க்கரை எப்படி இருக்கிறது? ஸ்வர்ணலதாவின் முட்டிவலிக்கு நான் கொடுத்தனுப்பிய தைலம் கேட்டதா? நேற்று கோகுலாஷ்டமி. சீடை ஒன்றுகூட வெடிக்கவில்லை. உனக்கு ஒரு டப்பா எடுத்து வைத்திருக்கிறேன்.

கையில் போன் இருக்கும்போது அக்காவுக்கு எதற்குக் கடுதாசி என்று சிரிப்பாய். இது உன் மருமான் பிரசாத் புதுசு வாங்கிக்கொண்டு எனக்குத் தள்ளிவிட்ட பழைய போன். இதில் நான் என்ன எழுதினாலும் அவன் கம்ப்யூட்டரிலும் தெரிகிறது. பேசலாம் என்றால் ஹாலில் உன் அத்திம்பேர், உள்ளே அவன் தங்கை அஞ்சனா. பேப்பர்தான் எனக்குச் சௌகரியம். நீயும் பேப்பரிலேயே பதில் போடு. பதினொரு மணிக்குத் தபால் வரும்போது ஆத்தில் நான் மட்டும்தான் இருப்பேன்.

விஷயம் பிரசாத்தின் கார். விஷுவுக்கு செகண்ட் ஹேண்டில் வாங்கினானே, நீல நிறம், டர்போ எஞ்சின். ஞாயிற்றுக்கிழமை ஆனால் சிநேகிதர்களோடு வாகமண் மலைக்கு ஓட்டிக்கொண்டு போகிறான். ஒரு தடவை நானும் போனேன். ஏறும்போது பறந்தது. இறங்கும்போது, அடுப்பில் வைத்து மறந்துபோன தோசைக்கல் மாதிரி ஒரு வாசனை வந்தது. கேட்டால், "பிரேக் சூடாற வாசனைம்மா, எல்லா காருக்கும் வரும்" என்கிறான். இப்போது எஞ்சினுக்கு இன்னும் பலம் ஏற்ற டியூனிங் செய்யப் போகிறானாம். பழைய புஸ்தகக் கடையில் கார் புஸ்தகம் ஒன்று வாங்கி அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். ஓடுகிற பலத்தைக் கூட்டுகிறவன் முதலில் நிற்கிற பலத்தைக் கூட்ட வேண்டும் என்று அதில் போட்டிருக்கிறது.

குறிச் சீட்டு விழுந்த பணம் முப்பத்தைந்தாயிரம் என்னிடம் இருக்கிறது. அதற்குள் நல்ல பிரேக் போட முடியுமா? நீ ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரன், உனக்குத் தெரியாததில்லை. நான் கொடுத்தது என்றால் வாங்க மாட்டான், பயந்தாங்கொள்ளி என்பான். மாமாவின் பிறந்தநாள் பரிசு என்று சொல்லி நீயே அனுப்பு. இந்த ஒரு பொய்யைப் பகவதி பொறுத்துக்கொள்வாள்.

இப்படிக்கு
சீதாலக்ஷ்மி


கோயம்புத்தூர்
8-9-2024

அக்காவுக்கும் அத்திம்பேருக்கும் வெங்கிட்டுவின் நமஸ்காரங்கள். சர்க்கரை நூற்றெண்பதில் நிற்கிறது. நான்தான் ஓர் இடத்தில் நிற்பதில்லை. தைலம் நன்றாகக் கேட்கிறது என்று ஸ்வர்ணலதா சொல்லச் சொன்னாள். தைலத்தைவிட நீ கொடுத்தனுப்பின வடு மாங்காய்தான் கேட்டது என்பது என் கட்சி.

உன் கடுதாசியைப் படித்துவிட்டு அசந்துபோனேன். கடைக்கு வரும் பையன்கள் பத்தில் ஒன்பது பேர் வேகத்துக்குத்தான் சாமான் கேட்பார்கள். பிரேக் கேட்டு வந்த முதல் ஆள் நீ, அதுவும் புடவை கட்டிக்கொண்டு.

வெளிநாட்டு பிரேக் செட் ஒன்றரை லட்சம் ஆகும், அது வேண்டாம். நல்ல பேட், சூடு தாங்கும் பிரேக் ஆயில், ரப்பர் ஹோஸுக்குப் பதிலாக ஸ்டீல் பின்னல் போட்ட ஹோஸ். இதிலேயே பாதி வேலை முடிந்தது. மீதி பாதி, சக்கரத்தோடு சுற்றும்போது பேட் பிடித்து நிறுத்துகிற டிஸ்க். அதே கம்பெனியின் பெரிய மாடலில் வருகிற முன் சக்கர டிஸ்க் இவன் காருக்கும் பொருந்தும், பிராக்கெட் மட்டும் மாற்ற வேண்டும். எல்லாம் சேர்த்து உன் பணத்துக்குள் அடங்கும்.

மார்க்கெட்டில் உடைத்த வண்டியின் டிஸ்க்கை லேத்தில் சீவி, பளபளவென்று ஆக்கி, பாதி விலைக்கு விற்கிறார்கள். அதை நான் தொட மாட்டேன். பெட்டி பிரிக்காத புதுசுதான் அனுப்புவேன். அக்கா காசில் பழசு போடுவேனா?

உன் கடுதாசியைப் படித்தவுடன் கிழித்துப் போட்டுவிட்டேன். ரகசியம் என்னோடு.

இப்படிக்கு
வெங்கிட்டு


மட்டாஞ்சேரி
18-9-2024

சிரஞ்சீவி வெங்கிட்டுவுக்கு அநேக ஆசீர்வாதம். ஓணம் நன்றாக நடந்தது. அஞ்சனா பூக்களம் போட்டாள், உன் அத்திம்பேர் அதை மிதித்தார், வருஷா வருஷம் நடக்கிறதுதான்.

பணத்தை உன் கணக்கில் பாங்கில் நேரே போய்க் கட்டிவிட்டேன். சலான் நகல் உள்ளே வைத்திருக்கிறேன்.

டிஸ்க் ஏன் கனமாக இருக்க வேண்டும் என்று யோசித்துப் பார்த்தேன், புரிந்துவிட்டது. என்னிடம் இரண்டு தோசைக்கல் இருக்கிறது. கல்யாணத்துக்கு அம்மா கொடுத்த வார்ப்பு இரும்புக் கல் விரல் கனம். சூட்டை வாங்கி வைத்துக்கொள்ளும், பதற்றப்படாது. எர்ணாகுளத்தில் வாங்கின மெல்லிசுக் கல்லில் மூன்றாவது தோசை கருகிவிடும். பிரேக்கும் அப்படித்தானே? உரசினால் வருகிற சூட்டைக் கனமான இரும்பு உள்ளே வாங்கிக்கொள்கிறது. சரியா, தப்பா? தப்பென்றால் திருத்து.

ஸ்வர்ணலதாவுக்கு என் அன்பைச் சொல்.

சீதாலக்ஷ்மி


கோயம்புத்தூர்
4-10-2024

அக்காவுக்கு நமஸ்காரம். தோசைக்கல் நூற்றுக்கு நூறு சரி. இனிமேல் கடையில் யார் கேட்டாலும் அதைத்தான் சொல்லப் போகிறேன். இந்த வயசில் நீ பாலிடெக்னிக்கில் சேரலாம்.

பார்சல் இன்று லாரியில் ஏறிவிட்டது. திங்கட்கிழமை எர்ணாகுளத்தில் எடுத்துக்கொள்ளலாம். பரிசு என்று பிரசாத்துக்குப் போன் பண்ணினேன். குதித்தான். "மாமா, நீங்க தெய்வம்" என்றான். தெய்வம் மட்டாஞ்சேரியில் இருக்கிறது என்று வாய் வரைக்கும் வந்தது, அடக்கிக்கொண்டேன். எல்லாரும் சௌக்கியம்.

வெங்கிட்டு


மட்டாஞ்சேரி
15-10-2024

சிரஞ்சீவி வெங்கிட்டுவுக்கு மனசு நிறைந்த ஆசீர்வாதம். தீர்க்காயுசாக இரு. ஸ்வர்ணலதாவின் மாங்கல்யம் பலமாக இருக்கட்டும்.

பார்சல் பூஜைக்குச் சரியாக வந்து சேர்ந்தது. பிரிக்கும்போது பெட்டி கொஞ்சம் நசுங்கியிருந்தது, லாரியில் வந்ததல்லவா. டிஸ்க் இரண்டும் வெள்ளித் தட்டு மாதிரி மின்னின. பூஜை வைக்கும்போது அஞ்சனாவின் புஸ்தகம், அத்திம்பேரின் பேனா, என் அரிவாள்மணை, அதோடு டிஸ்க்கையும் பலகையில் வைத்தேன். இந்த வருஷம் மூன்று நாள் பூஜை. கொச்சிக் காற்றில் இரும்பு ஒரே நாளில் சிவந்துவிடும். தோசைக்கல்லுக்குச் செய்கிற மாதிரி இரண்டு பக்கமும் தேங்காய் எண்ணெய் தடவி, மேலே சந்தனம் குங்குமம் வைத்தேன். நடுவில் வார்ப்பிலேயே சில இங்கிலீஷ் எழுத்தும் இருபது என்ற எண்ணும் இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று நோட்டில் குறித்துக்கொண்டேன்.

விஜயதசமி அன்று பூஜை எடுத்ததும் பிரசாத் வாசலிலேயே வேலையை ஆரம்பித்தான். முதல் காரியமாக ஒரு ஸ்ப்ரே டின்னை அடித்து என் குங்குமத்தையெல்லாம் துடைத்துவிட்டான். எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

கடைசியில் பிரேக் குழாயில் இருக்கிற காற்றை வெளியே எடுக்க வேண்டுமாம். அதற்கு இரண்டு பேர் வேண்டும். அவன் சக்கரத்துக்கடியில், நான் டிரைவர் சீட்டில்.

"அமுத்தும்மா."

"அமுத்திட்டேன்."

"நான் சொல்றவரைக்கும் விடாதே. நடுவில விட்டா காத்து உள்ளே போயிடும், எல்லாம் வீண்."

"பிடிச்சுண்டிருக்கேன், நீ திற."

அவன் திருகைத் திறக்க என் பாதத்துக்கடியில் பெடல் மெதுவாக இறங்கியது. மூடியதும் "விடு" என்றான். இப்படி நாற்பது தடவை. நான் வாய்க்குள் ஸஹஸ்ரநாமம் சொன்னேன். அஞ்சனா மாடியிலிருந்து, "அம்மே, லைசென்ஸ் இல்லாம டிரைவர் சீட்டில என்ன காரியம்? போலீஸைக் கூப்பிடட்டா?" என்று கத்தினாள். முடிவில் பெடல் கல் மாதிரி நின்றது. பிரசாத் அடியிலிருந்து எழுந்து வந்து, "உன் கால் இருக்கிறவரைக்கும் என் காருக்கு பயமில்லை" என்றான். இத்தனை வருஷத்தில் அவன் என்னிடம் சொன்ன நல்ல வார்த்தை அது.

எல்லாம் உன்னால். க்ஷேமத்துக்கு எழுது.

சீதாலக்ஷ்மி


மட்டாஞ்சேரி
11-11-2024

வெங்கிட்டுவுக்கு ஆசீர்வாதம். பயப்படாமல் படி. எல்லாரும் உயிரோடு இருக்கிறோம்.

எட்டு நாள் முன்னால், ஞாயிற்றுக்கிழமை, பிரசாத் அஞ்சனாவையும் ஏற்றிக்கொண்டு வாகமண் போனான். இறங்கும்போது மூன்றாவது வளைவில் ஸ்டீயரிங் உதறியிருக்கிறது. பிரேக்கை மிதித்தால் பெடல் தரை வரைக்கும் போயிருக்கிறது. நான் கல் மாதிரி நிறுத்திக்கொடுத்த அதே பெடல். ஒரு பக்கம் பள்ளம். அவன் காரைத் திருப்பி மலைப்பக்கத்து மண்திட்டில் மோதவிட்டான். அவனுக்கு நெற்றியில் காயம். அஞ்சனாவுக்கு வலது மணிக்கட்டில் இரண்டு எலும்பு முறிந்து, ஆபரேஷன் செய்து பிளேட் வைத்திருக்கிறார்கள். இந்த மாதப் பரீட்சை எழுத முடியாது. முழித்ததும் என்னைப் பார்த்து, "அம்மா, நீ நன்னா அமுத்தலியா?" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அத்திம்பேர் காரை இந்த வாரமே விற்றாக வேண்டும் என்கிறார்.

புது டிஸ்க், புது பேட், புது ஆயில். ஏன் நிற்கவில்லை? பிரசாத் ஒன்றும் பேச மாட்டேன் என்கிறான். நீ அனுப்பியதைக் கழற்றிப் பழைய டிஸ்க்கையே திரும்பப் போட்டுவிட்டு, கழற்றினதைப் பழைய இரும்புக்காரனுக்குக் கொடுக்கப் பார்த்தான். பூஜையில் வைத்ததை எடைக்குப் போடாதே என்று வாங்கித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் சாக்கில் சுற்றி வைத்திருக்கிறேன். நீதான் காரணம் சொல்ல வேண்டும்.

சீதாலக்ஷ்மி


கோயம்புத்தூர்
19-11-2024

அக்காவுக்கு நமஸ்காரம். குழந்தைக்கு இப்படி ஆனதில் ஸ்வர்ணலதா இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. அடுத்த மாதம் வந்து பார்க்கிறோம்.

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. உன் பக்தியை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் டிஸ்க்கில் எண்ணெய் படவே கூடாது, அக்கா. பிரசாத் ஸ்ப்ரே அடித்துத் துடைத்தான் என்று எழுதியிருந்தாய். மேலே இருக்கிற எண்ணெய்தான் அதில் போகும். மூன்று நாள் ஊறினது உள்ளே இறங்கியிருக்கும். வார்ப்பு இரும்பு எண்ணெய் குடிக்கும். உன் தோசைக்கல்லைப் பார்த்தால் உனக்கே தெரியும். மலையில் சூடு ஏறினதும் அது வெளியே வந்து பேடில் பட்டிருக்கும், பிடிப்பு போயிருக்கும்.

நீ வேண்டுமென்று செய்யவில்லை. இதை யாரிடமும் சொல்ல வேண்டாம். காரில் குறையில்லை என்பதால் அதை விற்கவும் வேண்டியதில்லை. அத்திம்பேரிடம் நீ பக்குவமாகச் சொன்னால் கேட்பார்.

வெங்கிட்டு


மட்டாஞ்சேரி
2-12-2024

வெங்கிட்டுவுக்கு ஆசீர்வாதம். அஞ்சனாவுக்குத் தையல் பிரித்தாயிற்று. இடது கையால் சாப்பிடப் பழகுகிறாள்.

உன் கடுதாசியை மூன்று தடவை படித்தேன். என் தோசைக்கல் எண்ணெய் குடிக்கும், நாற்பது வருஷமாக நானே குடிக்க வைத்திருக்கிறேன். அதையே டிஸ்க்குக்கும் செய்தேன். எதைக் காப்பாற்ற ஆசைப்பட்டேனோ அதை நானே என் கையால் கெடுத்தேன்.

அத்திம்பேரிடம் இரண்டு நாள் மன்றாடினேன். பிள்ளை ஆசைப்பட்டு வாங்கினது, வாங்கின ஆளின் தப்பில்லை, ரோட்டின் தப்பு என்றெல்லாம் சொன்னேன். காரை விற்கவில்லை. பிரசாத் என்னைப் பார்க்காமல், "தேங்க்ஸ்மா" என்றான்.

அஞ்சனா தன் கையைப் பார்க்கும் போதெல்லாம் உண்மையைச் சொல்லிவிடலாமா என்று தோன்றும். சொல்வதற்குப் பதிலாகப் பழயன்னூர் பகவதியிடம் போய் நின்று, அவள் கை சரியாகி எழுதுகிறவரைக்கும் காப்பி குடிக்க மாட்டேன் என்று வேண்டிக்கொண்டேன். காப்பி இல்லாமல் எனக்குப் பொழுது விடியாது, உனக்குத் தெரியும். ஆத்தில், வயிற்றுக்கு ஆகவில்லை என்று சொல்லியிருக்கிறேன். இது பகவதிக்கும் எனக்கும் உனக்கும் மட்டும்.

அரிவாள்மணைக்கும் அடுப்புக்கும் வெள்ளிக்கிழமை குங்குமம் வைப்பதை நிறுத்திவிட்டேன்.

இன்னொரு ஜோடி டிஸ்க் என்ன விலை ஆகும் என்று எழுது. வளையல் ஒன்றை மாற்றிப் பணம் அனுப்புகிறேன். இந்தத் தடவை பூஜையில் வைக்க மாட்டேன். தொடக்கூட மாட்டேன்.

சீதாலக்ஷ்மி


மட்டாஞ்சேரி
20-1-2025

வெங்கிட்டுவுக்கு.

இங்கே எல்லாரும் சௌக்கியம். போன கடுதாசிக்கு ஏழு வாரமாகப் பதில் இல்லை. நீங்கள் வருவதாகச் சொன்ன மாதமும் போய்விட்டது. உடம்புக்கு ஒன்றுமில்லையே?

திருவாதிரைக்கு மறுநாள் காலை அடுக்களையில் களிப் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். பிரசாத் தானே காப்பி கலந்து கொண்டுவந்து மேடையில் வைத்தான். "குடிம்மா. பகவதி ஒண்ணும் உன் காப்பியைக் கேக்கலை" என்றான். வயிற்றுக்கு ஆகவில்லை என்றேன். "சரி சரி" என்று போய்விட்டான். காப்பி ஆறி ஆடை படிகிறவரைக்கும் நின்றுகொண்டே இருந்தேன். பகவதி அவனிடம் பேசியிருக்க மாட்டாள்.

போன வாரம் இன்னொன்றும் நடந்தது. இரும்பில் ஊறின எண்ணெயைக் காய்ச்சி எடுக்க முடியுமா என்று கேட்கலாமே என்று டிஸ்க் இரண்டையும் ஆட்டோவில் போட்டுக்கொண்டு இடக்கொச்சிக்குப் போனேன். அங்கே நாணு என்று ஒருவர் லேத் பட்டறை வைத்திருக்கிறார். கேட்டதும் அவர் சிரித்துவிட்டார்.

"எண்ணெயோ? சேச்சி, புது டிஸ்க் கம்பெனியிலேந்து வரும்போதே எண்ணெய் புரட்டித்தான் வரும், துரு பிடிக்காம இருக்க. ஸ்ப்ரே அடிச்சுத் துடைச்சுப் போடணும், அத்ரயே உள்ளு, அவ்வளவுதான். எண்ணெய் பட்டு வண்டி நிக்காதுன்னா கேரளத்தில ஒரு வண்டியும் நிக்காது. ஆரு பறஞ்சு இந்தக் கதை?"

பதிலுக்கு, சாக்கைப் பிரித்து டிஸ்க்கை அவர் கையில் கொடுத்தேன்.

அவர் டிஸ்க்கை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். சிரிப்பு நின்றது. நான் நோட்டில் குறித்து வைத்த எழுத்துக்கு அர்த்தம் சொன்னார். இருபது மில்லிமீட்டருக்குக் கீழே போனால் இதைப் போடக் கூடாது என்று கம்பெனிக்காரனே வார்ப்பில் எழுதி வைத்திருக்கிறான். புதுசில் இருபத்திரண்டு இருக்குமாம். அளவுகோலை வைத்து அளந்து என்னிடமே காட்டினார். பதினெட்டரை. ஒரு மாத ஓட்டத்தில் இவ்வளவு தேயாதாம். ஓரத்தில் லேத் கத்தி சுற்றின கோடுகூடத் தெரிந்தது. உள்பக்கம் தலைமுடி மாதிரி ஒரு விரிசல். "இது மெலிஞ்சு போன சாதனம் சேச்சி. சூடு தாங்காது. ஆயில் திளைச்சு கொதிச்சிருக்கும், பெடல் தாழ்ந்திருக்கும்" என்றார். மலையில் நடந்ததை நான் அவரிடம் சொல்லியிருக்கவே இல்லை.

மெல்லிசுத் தோசைக்கல், வெங்கிட்டு.

நீ எழுதின கடுதாசிகள் என்னிடம் இருக்கின்றன, நான் எதையும் கிழிப்பதில்லை. பெட்டி பிரிக்காத புதுசு என்று எழுதியிருக்கிறாய். உன்னையும் யாராவது ஏமாற்றியிருந்தால் அப்படி எழுது, நான் நம்புவேன். காப்பி விஷயம் பிரசாத்துக்கு எப்படித் தெரிந்தது என்பதையும் எழுது.

சீதாலக்ஷ்மி


கோயம்புத்தூர்
1-2-2025

அக்கா,

நாலு பேப்பரைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

என்னை யாரும் ஏமாற்றவில்லை. உன் முதல் கடுதாசி வந்த அன்றே அதை போட்டோ எடுத்து பிரசாத்துக்கு அனுப்பிவிட்டேன். அம்மாவின் ஆசையைப் பார்டா என்று காட்டத்தான் அனுப்பினேன், சத்தியமாக. அதற்கப்புறம் ஒவ்வொன்றையும் கேட்டு வாங்கிப் படித்தான். எல்லாவற்றையும் அனுப்பினேன்.

அவன்தான் கேட்டான். "மாமா, அம்மா காசுல பாதியை டியூனிங்குக்குக் குடுங்கோ. டிஸ்க் பழசைச் சீவிப் போட்டா போறும், அம்மாவுக்கு என்ன தெரியப் போறது" என்றான். நான் ஒரு பைசா தொடவில்லை. பதினாறாயிரம் அவன் கையில் கொடுத்தேன். இருபதுக்கு மேலே நிற்கும் என்றுதான் லேத்தில் கொடுத்தேன், லேத்காரன் ஒரு தடவை கூடுதலாகச் சீவிவிட்டான். அனுப்பும்போது நான் அளக்கவில்லை. அளந்திருக்க வேண்டும். போடும்போது பிரசாத் அளந்திருப்பான்.

விபத்துக்கு அப்புறம் அத்திம்பேருக்குத் தெரிந்தால் கார் போய்விடும் என்று அழுதான். உன் அக்டோபர் கடுதாசியில் எண்ணெய் தடவினதாக எழுதியிருந்தாய் அல்லவா, அதைச் சொல்லலாம் என்றான். "அம்மா நம்புவா, மாமா" என்றான். தோசைக்கல்லைச் சேர்த்தது மட்டும் நான்.

டிசம்பரில் நீ எழுதினதைப் படித்த பிறகு என்னால் எழுத முடியவில்லை. ஸ்வர்ணலதாவுக்கு எதுவும் தெரியாது. அவளிடம் சொல்லாதே. உன் முழுப் பணத்தையும் அனுப்பிவிடுகிறேன்.

வெங்கிட்டு


மட்டாஞ்சேரி
27-2-2025

வெங்கிட்டுவுக்கு.

இங்கே நாங்கள் சௌக்கியம். அஞ்சனா வலது கையில் பேனா பிடிக்க ஆரம்பித்துவிட்டாள். எழுத்து கோழி கிளறினது மாதிரி இருக்கிறது, ஆனால் அவளுடைய எழுத்து.

பணம் அனுப்ப வேண்டாம். புது டிஸ்க்குக்கு பிரசாத் தன் சம்பளத்திலிருந்து கொடுத்தான். நாணுவிடம் அளவுகோலை இரவல் வாங்கிக்கொண்டு இடப்பள்ளிக் கடைக்கு நானே போனேன். பெட்டியைப் பிரித்து அளந்து பார்த்தபோது கடைக்காரர், "சேச்சி, மீன் செவுளைத் திறந்து பார்க்கிற மாதிரி பார்க்கிறீங்களே" என்றார். நான் மீன் வாங்கினதில்லை, தம்பியிடம் டிஸ்க் வாங்கியிருக்கிறேன் என்றேன். இருபத்திரண்டு இருந்தது. பில்லோடு வாங்கி வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை கூடத்தில் பலகை போட்டு, இரண்டையும் வைத்து, தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்தேன். பிரசாத்துக்கு முகம் வெளுத்துவிட்டது. அத்திம்பேர் பேப்பரை மடித்து வைத்தார். இரண்டு பக்கமும் நன்றாகத் தடவினேன். சந்தனம் குங்குமம் வைத்தேன். அஞ்சனாவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரச் சொன்னேன்.

"பிரசாத், ஸ்ப்ரே அடி" என்றேன்.

அடித்தான். துடைத்தான்.

"எண்ணெய் போயிடுத்தா?"

"போயிடுத்தும்மா."

"முழுக்கவா, இல்லை உள்ளே ஊறியிருக்குமா?"

துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அத்திம்பேரும் அஞ்சனாவும் அவனையே பார்த்தார்கள்.

"முழுக்க" என்றான்.

"விஜயதசமி அன்னிக்கும் முழுக்கப் போயிருந்ததா?"

"போயிருந்தது."

"அன்னிக்கு டிஸ்க்கை அளந்தியா?"

துணியை மடிக்க ஆரம்பித்தான். அஞ்சனா கேட்டாள்: "அளந்தியாடா?"

"அளந்தேன்."

"அளந்துட்டுமா என்னை ஏத்திண்டு போனே?"

அஞ்சனா எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அத்திம்பேர் என்னிடம், "உனக்கு எப்போ தெரியும்?" என்று மட்டும் கேட்டார். எல்லாக் கடுதாசியையும் அவர் கையில் கொடுத்தேன், என் கடுதாசிகளின் நகல்களையும் சேர்த்து. நான் எழுதுவதையெல்லாம் முதலில் நோட்டில் எழுதிவிட்டுத்தான் பேப்பரில் எழுதுவேன், உனக்குத் தெரியாது. பரிசு என்று நான் சொல்லச் சொன்ன பொய்யும் அதில் இருக்கிறது. அவர் அதையும் படித்தார்.

சாயங்காலம் டிஸ்க்கை மாட்டிக் காற்றெடுக்கிற வேலைக்கு ஆள் வேண்டியிருந்தது. நானே போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன். அவன் கீழே படுத்துக்கொண்டான்.

"அமுத்தும்மா."

அமுத்தினேன். பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று நான் சொன்னால்தான் அவன் திறக்க முடியும். நான் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அம்மா, பிடிச்சுண்டிருக்கியா?" என்று கேட்டான். அப்போதும் சொல்லவில்லை. கீழே அவன் மூச்சு கேட்டது. மூன்றாவது தடவை கேட்டபோது குரல் உடைந்திருந்தது. "பிடிச்சுண்டுதான் இருக்கேன்" என்றேன். நாற்பது தடவையும் சரியாகப் பிடித்தேன், ஒரு தடவைகூட விடவில்லை. ஸஹஸ்ரநாமம் சொல்லவில்லை.

காரைச் செவ்வாய்க்கிழமை விற்றுவிட்டார் அத்திம்பேர். விற்கப் போகிற காருக்கு எதற்குப் புது டிஸ்க் என்று பிரசாத் கேட்டான். வாங்குகிறவனுக்கும் ஒரு தங்கை இருப்பாள் என்றேன்.

நேற்று சிவராத்திரி. இன்று காலை ஸ்நானம் செய்துவிட்டு, அஞ்சனா எழுதின இரண்டு வரியைப் பகவதியிடம் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து காப்பி குடித்தேன். அடுப்புக்கும் அரிவாள்மணைக்கும் குங்குமம் வைத்தேன். மூன்று மாதமாக அவைகளை வெறும் நெற்றியோடு நிற்க வைத்ததற்கு உன்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடுதாசி.

ஸ்வர்ணலதாவிடம் நீயே சொல்லிவிடு. நான் சொல்ல வேண்டாம் என்று எழுதியிருந்தாய், நான் சொல்லப் போவதில்லை. அவள் முட்டிவலி எப்படி இருக்கிறது என்று கேட்டதாகவும் சொல்.

இதை நீ போட்டோ எடுத்து அனுப்ப வேண்டாம். வேண்டுமென்றால் படித்துக்கொள்ளட்டும் என்று கவரை ஒட்டாமல் பிரசாத் கையில் கொடுத்துத் தபாலில் போடச் சொல்லப் போகிறேன். ஒட்டின கவராக உனக்கு வந்து சேர்ந்தால், ஒட்டினது அவன்.

சீதாலக்ஷ்மி